கண்டி மலைகளும் கற்பனை உலகங்களும்



ரசனை என்பது அவரவர் விருப்பம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒருவருக்கு ஜெயகாந்தன் பிடிக்கும். இன்னொருவருக்குக் கல்கி பிடிக்கும். இதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் விஞ்ஞானப் புனைகதை, மாயாஜாலக் கதை என்று பேச்சு வந்தால் மாத்திரம் நமது இலக்கிய அன்பர்களின் முகம் சற்றே மாறுகிறது. "அதெல்லாம் பிள்ளைகளின் சமாச்சாரம்" என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள். பறக்கும் கம்பளத்தையும் வேற்றுக்கிரக மனிதரையும் ரசிப்பவர், அதை ஒரு பலவீனம் போல மறைத்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ரசனைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. எது உயர்ந்த ரசனை, எது தாழ்ந்த ரசனை என்ற தீர்ப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு. இன்று அந்தச் சரித்திரத்தைக் கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த மலைகளையும் மையமாக வைத்து நோக்குவோம். கண்டியா என்று நீங்கள் வியப்படையலாம். பெரஹராவுக்கும் தேயிலைக்கும் பெயர்போன இந்த மலைப்பிரதேசம், உலகத்தின் கற்பனைக் கதைகளோடு கொண்டுள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது.

முதலில் நாவலப்பிட்டிக்குப் போவோம். 1917ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் திகதி, கண்டி மாவட்டத்தைச் சேர்ந்த அந்தச் சிற்றூரில் பிறந்தவர்தான் எம்.ஜி. ராமச்சந்திரன். தந்தையார் காலமான பின் குடும்பம் இந்தியா திரும்பியதும், கும்பகோணத்தில் வறுமையோடு வளர்ந்த பிள்ளை நாடகக் கம்பனிக்குப் போனதும் யாவரும் அறிந்த கதை. தமிழ்ச் சினிமாவின் மாயாஜாலக் காலத்துக்கு முகமாக விளங்கியவர் அவரே. 1955இல் 'குலேபகாவலி', 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்று அந்தப் படங்கள் தொடர்ந்து வந்தன. பார்வையிழந்த தந்தைக்கு மருந்தாகும் பூவைத் தேடிப் போகும் மகனையும், சொல்லொன்று சொன்னதும் திறந்துகொள்ளும் குகையையும் நம் பெற்றோர் தலைமுறை வியந்து பார்த்தது.

அவர் நடித்த படங்களுள் நமது இன்றைய விஷயத்துக்கு முக்கியமானது 1963இல் வெளிவந்த 'கலை அரசி'. ஏ. காசிலிங்கம் இயக்கிய படம். யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்றது 1961இல். மனிதன் சந்திரனில் கால் வைத்தது 1969இல். இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையில், வேற்றுக்கிரகத்தவர் பூமிக்கு வரும் கதையைத் தமிழில் எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் இவ்வகையில் எடுக்கப்பட்ட மிக முந்திய படங்களுள் இதுவும் ஒன்று. அந்தக் கிரகத்தவர் விஞ்ஞானத்தில் வெகுதூரம் முன்னேறியவர்கள். ஆனால் அவர்களிடம் சங்கீதம் இல்லை. ஆகவே பூமிக்கு வந்து, பானுமதி நடித்த வாணி என்ற பாடகியைக் கவர்ந்து செல்கிறார்கள். அவளை மீட்கக் கதாநாயகன் விண்கலத்தில் போகிறான்.

படத்தின் தந்திரக் காட்சிகளை இன்று பார்த்துச் சிரிப்பவர் இருக்கலாம். கதையின் உள்ளீட்டைப் பாருங்கள். எல்லா யந்திரமும் கைவசமுள்ள ஒரு நாடு, தன்னிடம் இல்லாத ஒன்றுக்காக எளியவர்களின் வீட்டில் கைவைக்கிறது. தனக்கு வேண்டிய ஒரு திறமைக்காக மனிதரையே தூக்கிக்கொண்டு போகிறது. இதைச் சொல்லத் தமிழ்ச் சினிமாவுக்கு ஒரு பறக்கும் தட்டு தேவைப்பட்டது.

மலையகத்தின் கதையும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. பிரித்தானியத் தோட்டத் துரைமாருக்கு நிலம் இருந்தது, மூலதனம் இருந்தது, யந்திரம் இருந்தது, இல்லாதது கைகள். அந்தக் கைகள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்டன. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தால் அந்த மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 'கலை அரசி' வெளிவந்த மறு ஆண்டே, 1964இல், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுப்பது, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பின்னர் யோசிப்பது என்று மனிதர்களைத் தேங்காய் எண்ணுவது போல எண்ணிப் பிரித்தார்கள். ஆட்களை ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்கு மாற்றுவது மலையகத்தில் கற்பனைக் கதையாக இருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நமது ரசனையின் சரித்திரத்தில் ஒரு திருப்பம் நேர்கிறது. இத்தகைய அநீதிகளுக்கு மத்தியில் எழுத வந்தவர்கள் பூதத்தையும் விண்கலத்தையும் பற்றி எழுத முடியுமா? முடியாது என்றே அக்காலத்து எழுத்தாளர் பலரும் கருதினர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயின்று வந்த க. கைலாசபதி, யதார்த்தத்தை நாவலின் உயிராகக் கொண்ட விமர்சன மரபை வளர்த்தார். 1968இல் வெளிவந்த அவரது 'தமிழ் நாவல் இலக்கியம்' ஒரு தலைமுறைக்கே வழிகாட்டியாக அமைந்தது. மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளையும், என்.எஸ்.எம். இராமையாவும், தெளிவத்தை ஜோசப்பும் லயத்து வாழ்க்கையைக் கண்டபடி எழுதினார்கள். அது காலத்தின் கட்டாயம். அவர்கள் அப்படி எழுதியிராவிட்டால் அந்த வாழ்வுக்கு எழுத்தில் சாட்சியே இல்லாமற் போயிருக்கும்.

ஆனால் அதே பேராதனையில் அதே காலத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்', 1967இல் 'வாலிவதை' என்று அவை மேடையேறின. பத்துத் தலை அரசனும் பேசும் குரங்கும் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள். அதைப் பிள்ளைகளின் சமாச்சாரம் என்று எவரும் சொல்லவில்லை. பழைய கற்பனை கலை என்று மதிக்கப்பட்டது. புதிய கற்பனை பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டது. இந்தப் பாகுபாட்டில் உள்ள முரண்பாட்டை நாம் அதிகம் யோசித்ததில்லை.

தோட்டத்து மக்களோ இந்த விவாதங்கள் எதுவும் அறியாமலே தங்கள் கூத்துகளை ஆடிவந்தார்கள். மாசி மாதத்தில் காமன் கூத்து. சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதும், ரதி புலம்புவதும் தோட்டத்துத் திடலில் நடக்கும். பொன்னர் சங்கர் கதை இரவிரவாக நடக்கும். அருச்சுனன் தபசில் அருச்சுனன் வேடம் புனைந்தவர் உயர்ந்த தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டு ஏறுவார். பகல் முழுதும் மலையேறிக் கொழுந்து பறித்தவர்கள், இரவில் ஒரு மனிதன் வானத்தை நோக்கி ஏறுவதை அண்ணாந்து பார்த்திருந்தார்கள்.

இனி 1983ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வருடம் ஏப்ரல் மாதத்தில் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் தமது படப்பிடிப்புக் குழுவினருடன் கண்டிக்கு வந்தார். 'இண்டியானா ஜோன்ஸ்' வரிசையில் இரண்டாவது படமான 'டெம்பிள் ஒஃப் டூம்' படத்தை எடுப்பதற்காக. முதலில் அவர்கள் போக நினைத்தது வட இந்தியாவுக்கு. இந்திய அரசாங்கம் திரைக்கதையைப் படித்துவிட்டு மாற்றங்கள் கேட்டது. குழுவினர் அதற்கு இணங்காமல் இலங்கையைத் தெரிந்தெடுத்தார்கள். கண்டிக்கு மேலே ஹந்தானை மலைச்சரிவில், தேயிலைத் தோட்டப் பகுதியில், மாயாபூர் என்ற கற்பனைக் கிராமம் எழுந்தது. தொங்குபாலக் காட்சிக்கு, அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்கட்டுக்கு அண்மையில் உள்ள பள்ளத்தாக்கைத் தெரிந்தார்கள். அணை கட்ட வந்திருந்த பிரித்தானியப் பொறியியலாளரின் உதவியோடு பாலம் கட்டப்பட்டது.

கதை நடப்பது 1935இல். மாயாபூரின் புனிதக் கல் களவு போய்விடுகிறது. பிள்ளைகளும் காணாமற் போய்விடுகிறார்கள். அரண்மனையின் அடியில் ஒரு நரபலிக் கூட்டம் அந்தப் பிள்ளைகளைச் சுரங்கத்தில் அடிமைகளாக வேலை வாங்குகிறது. அமெரிக்க வீரர் அவர்களை மீட்கிறார்; கடைசியில் பிரித்தானியப் படையும் வந்து துணை நிற்கிறது. நமது நாட்டுக் கலைஞரான டி.ஆர். நாணாயக்கார கிராமத்துப் பூசாரியாக நடித்தார். இரங்கனி சேரசிங்கவும் கிராமத்துப் பெண்ணாக ஒரு சிறு வேடத்தில் தோன்றினார். வட இந்தியக் கிராமத்தார் என்று காட்டப்படுபவர்கள் படத்தில் பேசுவது சிங்களம். 1984இல் படம் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. தந்திரக் காட்சிகளுக்காக ஒஸ்கார் விருதும் பெற்றது. இந்தியாவில் சில காலம் தடை செய்யப்பட்டது.

படம் விறுவிறுப்பானது என்பதை மறுப்பதற்கில்லை. சுரங்கத் தள்ளுவண்டித் துரத்தலை ரசிக்காதவர் குறைவு. ஆனால் ஒரு விஷயத்தை நோக்குங்கள். 1935இல் பிள்ளைகள் வேலை வாங்கப்படும் கதையைச் சொல்ல அவர்கள் வந்து நின்ற இடம் ஹந்தானை. 1935இல் இதே மலைகளில் உண்மையிலேயே பிள்ளைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, பிள்ளைக்கு ஒரு கூலி என்று வகுத்தே வைத்திருந்தது. இவர்களை வேலை வாங்கியது எந்த நரபலிக் கூட்டமும் அல்ல, கொம்பனிகள். மீட்க எந்தப் படையும் வரவில்லை. படையை அனுப்பக்கூடிய அரசாங்கமே அந்தக் கூலியையும் நிர்ணயித்தது. படப்பிடிப்புக் கருவி நின்ற மண்ணுக்கு அடியிலேயே அந்தக் கதை கிடந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை.

குழுவினர் திரும்பிப் போய் இரண்டு மாதம் கழித்து, 1983 ஜூலையில், கண்டி நகரிலும் தமிழர் கடைகள் எரிந்தன. திரையில் காட்டிய தீயைவிட அது கொடிய தீ. அந்தப் படத்தின் கண்டியும் நமது ஞாபகத்தின் கண்டியும் ஒரே வருடத்தில் இரு வேறு உலகங்கள் ஆயின.

அந்நியர் கற்பனை என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் சொல்லலாம். அது முற்றும் சரியல்ல. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வேர்ண், கடலுக்கடியில் செல்லும் நோட்டிலஸ் என்ற கப்பலைப் பற்றிய தமது நாவலை 1869இல் தொடர்கதையாக எழுதத் தொடங்கினார். அந்தக் கப்பல் மன்னார் முத்துக்குளிப்புக் கடலுக்கும் வருகிறது. அங்கே ஓர் ஏழை முத்துக்குளிப்பாளனைச் சுறா தாக்க, கப்டன் நீமோ தம் உயிரைப் பணயம் வைத்து அவனைக் காப்பாற்றி, ஒரு பை முத்துக்களையும் கொடுத்து அனுப்புகிறார். தாமும் அடக்கப்பட்ட மக்களின் பக்கத்தைச் சேர்ந்தவரே என்று உணர்த்துகிறார். பின்னர் எழுதிய இன்னொரு நாவலில், நீமோ ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஓர் இந்திய இளவரசர் என்ற உண்மையை வேர்ண் வெளியிட்டார். முத்து எப்படி வருகிறது, யார் மூச்சடக்கி எடுக்கிறார் என்பதை அந்தக் கற்பனை கண்டுகொண்டது. விஞ்ஞானப் புனைகதை உழைப்பவனைக் காணமாட்டாது என்று எந்த விதியும் இல்லை.

நம்முடனேயே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கையும் இங்கே நினைக்க வேண்டும். 1956இல் இலங்கைக்கு வந்தவர், 2008 மார்ச்சில் காலமாகும் வரை இந்த நாட்டையே இல்லமாகக் கொண்டார். 1979இல் வெளிவந்த அவரது 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்ற நாவல், விஞ்ஞானப் புனைகதைக்கான ஹியூகோ, நெபியூலா என்ற இரு பெரும் விருதுகளையும் பெற்றது. பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்துக்குச் செல்லும் ஒரு விண்வெளி மின்தூக்கியைக் கட்ட ஒரு பொறியியலாளர் ஆசைப்படுகிறார். அதற்குப் பொருத்தமான ஒரே மலையில் பௌத்த மடாலயம் இருக்கிறது. அந்த மலை நமது சிவனொளிபாத மலைதான். கதைக்காக இலங்கைத் தீவையே பூமத்திய ரேகைக்கு நகர்த்திவிட்டார் கிளார்க்.

அந்த நாவலில் என்னைக் கவர்ந்தது மின்தூக்கி அல்ல. ஒரு மலையை எடுத்துக்கொள்ள முன் அங்கே இருப்பவரிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. மடாலயத்தார் மறுக்கிறார்கள், வழக்குக்குப் போகிறார்கள், பொறியியலாளர் காத்திருக்க நேர்கிறது. பழைய நம்பிக்கை ஒன்று நிறைவேறியதும் அவர்களாகவே இறங்கிப் போகிறார்கள். இருந்தாலும் அந்தச் சம்வாதத்தில் ஒரு தரப்பு குறைகிறது. சிவனொளிபாதத்துக்கு ஏறும் பாதைகளுள் ஒன்று மஸ்கெலியா, நல்லதண்ணி ஊடாக, தேயிலை மலைகளின் நடுவே செல்வது. மலையின் மேலிருப்பவரிடம் கேட்டார்கள்; மலையின் அடியிலிருப்பவரிடம் கேட்கவில்லை. 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போயிற்று. அபிவிருத்தி என்ற பெரும் கற்பனையிலும் அடியிலிருப்பவர் நிலை அதுவே.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? யதார்த்தம் ஒரு புறம், கற்பனை ஒரு புறம் என்று கோடு கிழித்ததுதான் பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. நமது முன்னோடிகள் அப்படிக் கோடு கிழிக்கவில்லை. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகக் கண்ணீர் வடித்தார். அதே பாரதியார் ஞானத்தையே ரதமாக்கி வேற்றுலகங்களுக்குப் பயணம் போகும் 'ஞானரத'த்தையும் எழுதினார். புதுமைப்பித்தன் 1935இல் மணிக்கொடியில் 'துன்பக்கேணி'யை எழுதினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த மருதி என்ற பெண்ணின் கதை அது. ஸ்பீல்பேர்க் தமது மாயாபூருக்குத் தெரிந்தெடுத்ததும் அதே 1935தான் என்பது கவனிக்கத்தக்கது. அந்தப் புதுமைப்பித்தனே கடல்கொண்ட 'கபாடபுர'த்துக்கும் போனார். கடவுளைக் கந்தசாமிப் பிள்ளையின் வீட்டுக்கும் அழைத்துவந்தார். ஒரே கையால் இரண்டையும் எழுத முடிந்தது. இரண்டிலும் அவருடைய கோபம் ஒன்றே.

பின்னாளில் சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் படைத்தபோது, ஒரு சர்வாதிகார ஆட்சியைத்தான் விமர்சித்தார். ஆனந்த விகடனில் அதைத் தொடராக வாசித்தவர்களுட் பலர் நாயை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். நல்ல விஞ்ஞானப் புனைகதையில் கருவி என்பது வெளித்தோல்; அதிகாரம் யாரிடம், வேலை யாருடையது என்பதுதான் உள்ளே இருக்கும் பழம்.

நேயர்களே, மலையகத்துக்கு இந்தக் கற்பனை புதிதும் அல்ல. கொழும்பிலிருந்து ரயில் பாதை கண்டியை வந்தடைந்தது 1867இல். அதே வருடம் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். பின்னர் மலைகள் தோறும் தொழிற்சாலைகள் எழுந்தன. உருளைகள் சுழலத் தொடங்கின. நாங்கள் புத்தகத்தில் வாசித்து வியந்த யந்திர யுகத்தை அந்த மக்கள் கைவிரல்களால் அறிந்தார்கள். அறிந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. தொழிற்சாலைச் சுழற்சியை அவர்கள் 'ரோதை' என்றார்கள்; அதைக் காவல் காக்க 'ரோதை முனி' என்றொரு தெய்வத்தையும் படைத்தார்கள். கவ்வாத்து வெட்டப் போகும் முன் கும்பிட ஒரு கவ்வாத்துச் சாமியும் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த மாடசாமியும் முனியாண்டியும் போதாமல், இரும்புக்கு என்று புதிதாக ஒரு சாமி!

யந்திரத்துக்கு உயிர் உண்டு, அதற்குப் பசி உண்டு, மதிக்காவிட்டால் அது மனிதனைத் தின்னும் என்ற அச்சத்தை மேரி ஷெல்லி முதல் இன்றைய எழுத்தாளர் வரை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். தேயிலைத் தொழிற்சாலையின் வாசலில் ஒரு கல்லை நட்டு, சூடம் கொளுத்தி, அதே அச்சத்துக்கு உருவம் கொடுத்தவர்கள் எழுத்தறியாத தொழிலாளர்கள். இதை விஞ்ஞானப் புனைகதை அல்ல என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இல்லாதது ஒன்றுதான்: அதை எழுதிவைத்த நாவல்.

ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட பழைய தொழிற்சாலையில் 2001ஆம் ஆண்டு முதல் தேயிலை நூதனசாலை ஒன்று இருந்துவருகிறது. அங்கே பழைய உருளை யந்திரங்களைத் துடைத்து, பெயர்ப்பலகை போட்டு அழகாக வைத்திருக்கிறார்கள். எந்த யந்திரம் எந்த ஆண்டில் எங்கே செய்யப்பட்டது என்று அறியலாம். அந்த யந்திரங்களின் முனியைப் பற்றிய கதைகளோ நூதனசாலைக்குள் அடங்கக்கூடியவை அல்ல. அவை லயத்துத் திண்ணைகளில், வயதானவர்களின் வாயில் இருக்கின்றன. தாத்தாவும் பாட்டியும் சொல்லும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டியவை. மலையகத்து இளம் எழுத்தாளர்கள் லயத்தின் துயரத்தை எழுதியது போலவே அந்த முனியையும் எழுதட்டும். மாயாபூருக்கு ஹந்தானையை இரவல் கொடுத்தோம். ஹந்தானைக்கென்று ஒரு கதை இன்னும் பாக்கி இருக்கிறது.